முதல் மாநாட்டுக்கு ஒரு கேள்வியை எடுத்துச் செல்லுங்கள்

கேள்வி:

கணினி அறிவியலில் பட்டம் பெற்று, ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகின்றன. மூன்று நாள் தொழில்நுட்ப மாநாடு ஒன்றுக்கு எங்கள் குழுவிலிருந்து என்னை மட்டும் அனுப்புகிறார்கள். போக வேண்டிய மூத்தவரால் போக முடியாததால் அந்த இடம் எனக்குக் கிடைத்தது. நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். பாதித் தலைப்புகள் புரியவில்லை. வருபவர்களில் பலர் பத்து, பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள். நானோ இரவில் ஓடும் தரவுப் பரிமாற்ற வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். அது நடுவில் நின்றால் மறுபடி ஓட்டுவேன். சில பதிவுகள் இரண்டு முறை ஏறிவிடும். காலையில் அவற்றைத் தேடி நீக்குவேன். இதை வைத்துக்கொண்டு அவர்களிடம் என்ன பேச முடியும்? எல்லா அமர்வுகளிலும் உட்கார வேண்டுமா? கேள்வி கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்பது வெளிப்பட்டுவிடாதா? வேறு வேலை வாய்ப்புப் பற்றி யாராவது பேசினால் என்ன செய்வது? திரும்பி வந்து கற்றதைக் குழுவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். அதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது.
— ஒரு புதிய பட்டதாரி

பதில்:

அன்புள்ள தோழி,

கடிதத்தின் நடுவில், சொல்லக் கூசியபடி நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். வேலை நின்றால் மறுபடி ஓட்டுகிறீர்கள், சில பதிவுகள் இரண்டு முறை ஏறிவிடுகின்றன. நீங்கள் போகப்போகும் இடத்தில் பெரிய அமைப்புகளைக் கட்டியவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் இதே சிக்கலோடு எப்போதாவது மல்லுக்கட்டியவர்கள்தான்.

ஒரு கணினி இன்னொன்றுக்குச் செய்தி அனுப்புகிறது, பதில் வரவில்லை. செய்தியே போய்ச் சேரவில்லையா, அல்லது வேலை முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா என்பதை அனுப்பிய கணினியால் அறிய முடியாது. அதனால் மறுபடி அனுப்புகிறது. செய்திகளை வரிசைப்படுத்திக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்கள் பலவும் 'குறைந்தது ஒரு முறையாவது சேர்ப்போம்' என்றுதான் உறுதி தருகின்றன. 'ஒரே ஒரு முறை மட்டும்' என்று உறுதி தருவது கடினமான காரியம். எனவே ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் ஒதுக்கிவிடும்படி பெறுகிற பக்கத்தை எழுதுகிறார்கள். எத்தனை முறை ஓட்டினாலும் விளைவு ஒரு முறை ஓட்டியதைப் போலவே இருக்கும் இந்தத் தன்மையை ஐடெம்போட்டன்ஸி என்பார்கள். நிகழ்ச்சி நிரலை இன்னொரு முறை பாருங்கள். தலைப்பில் இல்லாவிட்டாலும், உரைகளின் விவரக் குறிப்புகளில் எங்காவது அந்தச் சொல் தட்டுப்பட வாய்ப்பு அதிகம். காலையில் உட்கார்ந்து நீங்கள் நீக்கிக்கொண்டிருக்கும் அந்த இரட்டைப் பதிவுகள், இந்தத் துறையின் பழைய, இன்னும் சுவை குறையாத சிக்கல்களில் ஒன்று.

அந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு மாநாட்டுக்குப் போங்கள். நான் சொல்ல வந்ததில் முதன்மையானது இதுதான். "எங்கள் இரவு வேலை நடுவில் நின்று மறுபடி ஓடும்போது பதிவுகள் இரட்டிக்கின்றன. உங்கள் இடத்தில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" இரண்டே வாக்கியம். இதையே மூன்று நாளும் வெவ்வேறு ஆட்களிடம் கேளுங்கள். ஒருவர் அடையாள எண் வழியைச் சொல்வார். ஒருவர், முழுத் தொகுதியையும் ஒரே பரிவர்த்தனையாக ஏற்றுங்கள், பாதியில் நின்றால் எதுவுமே ஏறாது என்பார். இன்னொருவர், முதலில் ஒரு தற்காலிக அட்டவணையில் ஏற்றிச் சரிபார்த்துப் பிறகு மாற்றுங்கள் என்பார். நான்காவது ஆள், "மூலத்திலிருந்து வரும்போதே பதிவுக்குத் தனி எண் இருக்கிறதா? ஓர் இரவில் எவ்வளவு வருகிறது? எந்த இடத்தில் நிற்கிறது?" என்று உங்களைத் திருப்பிக் கேட்பார். அந்த நொடியில், பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். அந்த வேலையைத் தினமும் பார்ப்பவர் நீங்கள் அல்லவா?

புதிதாக வந்தவர் என்ற நிலைக்கு ஒரு சலுகை உண்டு. உங்களிடமிருந்து யாரும் விடையை எதிர்பார்க்க மாட்டார்கள். பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர் அடிப்படையான ஒன்றைக் கேட்கும்முன் இரண்டு முறை யோசிப்பார். உங்களுக்கு அந்தச் சுமை இல்லை. இந்தச் சலுகை அதிக நாள் நீடிக்காது. ஆகையால் இந்த மூன்று நாளில் கூச்சப்படாமல் செலவழித்துவிடுங்கள்.

நிகழ்ச்சி நிரல் புரியவில்லை என்கிறீர்கள். உரைகளைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன். உரைக்கான விண்ணப்பங்கள் மாநாட்டுக்குப் பல மாதங்களுக்கு முன்பே கேட்கப்படுகின்றன. தலைப்பும் ஒரு பத்தி விவரமும் அனுப்புகிற நேரத்தில் பலருடைய உரை இன்னும் எழுதப்பட்டே இருக்காது. குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களுக்கு நடுவே தேர்வுக் குழுவின் கண்ணில் பட வேண்டுமே என்று தலைப்பில் புதுச் சொற்களை அடுக்குவார்கள். அந்தத் தலைப்புகள் உங்களுக்குப் புரியாமல் போனால் குறை உங்களிடம் இல்லை. தரவுத்தளத்திலேயே ஊறிய ஒருவரை பிரவுசர் பற்றிய அமர்வில் உட்காரவைத்தால் அவரும் விழிக்கத்தான் செய்வார். தலைப்பை விட்டுவிட்டு விவரத்தை மட்டும் படியுங்கள். அதில் ஒரு சிக்கல் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். "எங்கள் அமைப்பு இப்படி விழுந்தது, இந்த இடத்தைத் தவறாகக் கணித்திருந்தோம், பிறகு இப்படி மாற்றினோம்" என்ற வகை உரைகள் தொடக்கநிலையில் இருப்பவருக்கும் பயன் தரும். கதையாகக் கேட்டுக்கொண்டே வரலாம், புரியாத சொற்கள் இடத்தை வைத்தே விளங்கிவிடும். ஒரு கருவியின் சிறப்புகளை வரிசையாகச் சொல்லும் உரைகளை விடலாம். அவை அந்தக் கருவியின் கையேட்டிலேயே இருக்கும். பேச்சாளர் பணிபுரியும் நிறுவனமே மாநாட்டின் ஸ்பான்சராகவும் இருந்து, உரையும் அவர்களுடைய தயாரிப்பைப் பற்றியதாக இருந்தால், அது விற்பனை உரையாக இருக்கக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிக்கொண்டு போங்கள்.

எல்லா அமர்வுகளிலும் உட்கார வேண்டியதில்லை. காலை முதல் மாலை வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் மதியத்துக்கு மேல் காதில் எதுவும் ஏறாது. முக்கியமான உரைகள் பதிவுசெய்யப்பட்டுப் பிறகு வெளியிடப்படுகின்றனவா என்பதை மாநாட்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். பல மாநாடுகள் அப்படிச் செய்கின்றன. ஆனால் மூத்தவர்கள் சிலர் ஓர் அறிவுரை சொல்வார்கள்: "உரைகளுக்குப் போகவே போகாதே, தாழ்வாரத்தில்தான் உண்மையான மாநாடு நடக்கிறது." இந்த அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. தாழ்வாரத்தில் அவர்களுக்காகப் பழைய நண்பர்கள் காத்திருக்கிறார்கள். யாரையும் தெரியாத ஒருவர் உரை நடக்கும் நேரத்தில் வெளியே நின்றால், வெறிச்சோடிய தாழ்வாரத்தில் செல்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். முதல் முறை வருபவருக்கு உரை என்பது பேச்சுக்கான முதலீடு. பக்கத்து இருக்கையில் இருப்பவரும் நீங்களும் அரைமணி நேரம் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறீர்கள். முடிந்ததும், "அவர் சொன்ன அந்த இரண்டாவது வழி எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை, உங்களுக்கு?" என்று கேட்டால் போதும், அறிமுகமே தேவைப்படாது. எனவே நாளில் பாதி அமர்வுகளைத் தேர்ந்தெடுத்துப் போங்கள், ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓர் இடைவெளி விடுங்கள். இரண்டு உரைகளுக்கு நடுவே ஓடுகிற அவசரம் இருந்தால் யாரிடமும் பேச்சு தொடங்காது.

தவறான உரைக்குள் போய்விட்டால் எழுந்து வரலாமா என்ற சங்கடமும் வரும். வரலாம். 1985-இல் ஓப்பன் ஸ்பேஸ் என்ற கூட்ட முறையை உருவாக்கிய ஹாரிசன் ஓவன், அதற்கு 'இரண்டு கால்களின் விதி' என்று ஒன்றை வகுத்தார். நீ இருக்கும் இடத்தில் கற்கவும் இல்லை, பங்களிக்கவும் இல்லை என்றால் உன் கால்களைப் பயன்படுத்தி வேறிடம் போ என்பது அதன் சாரம். அதற்குமுன் அவர் பாடுபட்டு நடத்திய ஒரு மாநாட்டில் எல்லாருக்கும் பிடித்திருந்தது காபி இடைவேளைகள்தான் என்று கேள்விப்பட்ட பிறகே, அந்த இடைவேளையின் தன்மையோடு முழுக் கூட்டத்தையும் நடத்த முடியுமா என்று யோசித்தாராம். சந்தேகமான உரை என்றால் ஓரத்து இருக்கையில் உட்காருங்கள். பேச்சாளர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பேச்சாளராக மேடையில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்.

பேசுவதற்கு ஒரே ஓர் ஆள் கிடைத்தாலும் போதும் என்பதற்கு நம் துறையிலேயே ஓர் அழகான சான்று இருக்கிறது. மென்பொருளைச் சிறு சிறு படிகளாக உருவாக்கும் அஜைல் முறை பற்றி 2008-இல் டொரான்டோவில் நடந்த மாநாட்டில், ஆண்ட்ரூ ஷேஃபர் என்பவர் சர்வர் நிர்வாகத்துக்கு அஜைல் முறைகளைக் கொண்டுவருவது பற்றி ஒரு சிறு கலந்துரையாடலை அறிவித்தார். ஒத்த ஆர்வம் உள்ளவர்கள் தாங்களாகவே கூடிப் பேசும் வகை அமர்வு அது. வரவேற்பு இருக்காது என்று நினைத்து அவரே அதற்குப் போகவில்லை. ஒரே ஒருவர் மட்டும் வந்திருந்தார்: பெல்ஜியத்தைச் சேர்ந்த பேட்ரிக் டிபுவா. காலி அறையைப் பார்த்துவிட்டு அவர் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் ஷேஃபரைத் தேடிக் கண்டுபிடித்துத் தாழ்வாரத்தில் நிறுத்திப் பேசினார். அந்தப் பேச்சு ஒரு மின்னஞ்சல் குழுவாகத் தொடர்ந்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் டிபுவா பெல்ஜியத்தின் கென்ட் நகரில் டெவ்ஆப்ஸ்டேஸ் என்ற மாநாட்டை நடத்தினார். மென்பொருளை எழுதுபவர்களும் அதை இயக்குபவர்களும் சேர்ந்து வேலை செய்யும் முறைக்கு டெவ்ஆப்ஸ் என்று இன்று உலகம் முழுக்க வேலை விளம்பரங்களில் இருக்கும் பெயர் அங்கிருந்து பரவியதுதான். உங்களிடம் யாரும் இயக்கம் தொடங்கச் சொல்லவில்லை. டிபுவா செய்ததில் நீங்களும் செய்யக்கூடிய பகுதி ஒன்று இருக்கிறது: தன் கேள்விக்குத் தொடர்புடைய ஆளைத் தேடிப் போய்ப் பேசினார்.

சரி, எப்படிப் பேச்சில் நுழைவது? இடைவேளையில் ஆங்காங்கே வட்டமாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். எரிக் ஹோல்ஷர் என்ற மென்பொருளாளர் 'பேக்மேன் விதி' என்று ஒன்றைப் பரப்பினார். வட்டமாக நிற்கும்போது ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு நிற்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் பேக்மேன் என்ற வீடியோ விளையாட்டில் வரும் வாய் திறந்த வட்ட உருவத்தைப் போல இருக்கும். பல மாநாடுகளில் தொடக்க உரையிலேயே இதை நினைவூட்டுகிறார்கள். அப்படி இடைவெளி இருக்கும் வட்டத்தைப் பார்த்தால் தயங்காமல் போய் நில்லுங்கள். உடனே பேச வேண்டியதில்லை, கேட்டுக்கொண்டிருப்பதும் பங்கேற்புதான். இரண்டே பேர் முகத்தோடு முகம் பார்த்துத் தணிந்த குரலில் பேசினால் அதை விட்டுவிடுங்கள். தனியாக நிற்கும் ஒருவர் இருந்தால் அவரிடம் முதலில் போங்கள். அவரும் உங்களைப் போலவே யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார். முதல் கேள்வியாக "எந்த நிறுவனம்?" என்று கேட்காதீர்கள், பதில் ஒரு பெயரோடு முடிந்துவிடும். "இன்று கேட்டதில் எது நன்றாக இருந்தது?" என்று கேட்டால் அவர் ஒரு கருத்தைச் சொல்லியாக வேண்டும், பேச்சு தானாக ஓடும். விடைபெறுவதும் ஒரு கலைதான், ஆனால் எளிது: "அடுத்த உரைக்குப் போகிறேன், உங்களோடு பேசியது பயனாக இருந்தது" என்றால் போதும்.

சாப்பாட்டு வேளையில் முன்பின் தெரியாதவர்கள் இருக்கும் மேசையில் போய் உட்காருங்கள். இணையத்தின் பெரிய வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி நெறிமுறையின் முதல் வரைவே 1989 ஜனவரியில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் கூட்டத்தின்போது, மதிய உணவு மேசையில், காகித நாப்கின்களில் எழுதப்பட்டதுதான். அதை எழுதிய கிர்க் லாஹீடும் யாக்கோவ் ரெக்டரும் வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். அலுவலகத்தில் ஒன்றாக உட்கார வாய்ப்பே இல்லாதவர்களை ஒரே மேசையில் உட்காரவைப்பது மாநாடு மட்டுமே செய்யக்கூடிய காரியம்.

அரங்கில் கேள்வி கேட்பது பற்றி. மைக்கைப் பிடித்துக் கேட்கத் தைரியம் வந்தால் கேளுங்கள், ஒரே வாக்கியத்தில். வராவிட்டால் குறையில்லை. உரை முடிந்து பேச்சாளர் மேடையை விட்டு இறங்கும் நேரம் ஒன்று இருக்கிறது. அதுதான் உங்களுக்கான நேரம். அவர் அப்போது பதற்றம் நீங்கிய நிலையில் இருப்பார், தான் சொன்னது யாருக்காவது போய்ச் சேர்ந்ததா என்று அறிய ஆவலோடு இருப்பார். "உரை நன்றாக இருந்தது" என்று சொன்னால் நன்றி சொல்வார், அவ்வளவுதான். "நீங்கள் மறுமுயற்சி பற்றிச் சொன்னபோது எங்கள் இரவு வேலையை நினைத்தேன், அங்கே இப்படி நடக்கிறது" என்று தொடங்கினால் அவர் பையை இறக்கிவைத்துவிட்டு உங்களோடு பேசுவார். மேடையிலிருந்து இறங்கும் யாருக்கும் தன் உரையை இன்னொருவர் தன் வேலையோடு பொருத்திப் பார்த்தார் என்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை. அறியாமை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சுகிறீர்கள். வெளிப்படட்டும். உங்கள் பணி அனுபவம் சில மாதங்கள்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் அவர் விளக்கத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார். சொல்லாமல் தலையாட்டினால் பாதியில் தொலைந்துபோவீர்கள், அவருக்கும் அது தெரியாது. "அந்தச் சொல்லின் பொருள் என்ன?" என்று கேட்டதற்காக ஒருவர் முகம் சுளித்தால், அவரிடம் கற்க அதிகம் இல்லை என்று எண்ணி நகர்ந்துவிடுங்கள்.

பயிலரங்குகளுக்குப் பெயர் கொடுத்திருந்தால் அவர்கள் சொன்ன மென்பொருள்களை வீட்டிலேயே நிறுவிக்கொண்டு போங்கள். அரங்கில் எல்லாரும் ஒரே நேரத்தில் பதிவிறக்க முயன்றால் வைஃபை திணறும், பயிலரங்கின் முதல் பகுதி அதிலேயே போய்விடும். சார்ஜரை மறக்காதீர்கள்.

காட்சி அரங்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட்ஜில் இருக்கும் குறியீட்டை ஸ்டால்காரர்கள் ஸ்கேன் செய்ய அனுமதித்தால், நீங்கள் பதிவில் கொடுத்த விவரங்கள் அவர்களுடைய விற்பனைப் பிரிவுக்குப் போகலாம். பிறகு மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருக்கும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஸ்டால்களை முழுதாக ஒதுக்கிவிடாதீர்கள். "உங்கள் பொறியாளர்கள் யாராவது இங்கே இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். இருந்தால், நீங்கள் பயன்படுத்தும் கருவியை எழுதியவரிடமே உங்கள் சிக்கலைச் சொல்லும் வாய்ப்பு அது.

பேசும்போது ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலின் வடிவத்தைச் சொல்லலாம். வாடிக்கையாளரின் பெயர், தரவின் உள்ளடக்கம், இன்னும் மூடப்படாத பாதுகாப்பு ஓட்டை ஆகியவற்றைச் சொல்லக்கூடாது. புறப்படும்முன் மேலாளரிடம், "இதைப் பற்றி வெளியில் எந்த அளவு பேசலாம்?" என்று கேட்டுவிட்டால் மூன்று நாளும் மனம் இலகுவாக இருக்கும். மடிக்கணினியைப் பூட்டாமல் எழுந்து போகாதீர்கள். பொது வைஃபையில் நிறுவன வேலையைச் செய்ய நேர்ந்தால் நிறுவனம் தந்த விபிஎன் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக மட்டும் செய்யுங்கள்.

வேலை வாய்ப்புப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நிறுவனம் அனுப்பிய இடத்தில் விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டு திரிவது முறையல்ல. யாராவது தாமாகப் பேச்செடுத்தால், "இப்போதைக்குக் கற்றுக்கொண்டிருக்கிறேன், தொடர்பில் இருப்போம்" என்று சொல்வதில் தவறு எதுவும் இல்லை. அந்த 'தொடர்பில் இருப்போம்' வெறும் உபசாரமும் அல்ல. சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரையில், பாஸ்டன் புறநகர் ஒன்றில், அண்மையில் வேலை மாறியவர்களில் தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை ஆராய்ந்தார். அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்த்துவந்தவர்கள் 16.7 விழுக்காடுதான். மற்றவர்கள் எப்போதாவதோ அரிதாகவோ மட்டுமே பார்த்துக்கொண்டவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவரிடமிருந்துதான் புதுச் செய்தி வருகிறது என்பது அவர் தந்த விளக்கம். மாநாட்டில் இரண்டு முறை பேசிய ஒருவர் அப்படித் தள்ளி இருப்பவர்தான். அந்த உறவு வேலைக்கு மட்டும் பயன்படுவதில்லை. ஆறு மாதம் கழித்து ஏதாவது ஒரு மென்பொருள் படுத்தும்போது யாரைக் கேட்கலாம் என்று தெரிந்திருப்பதும் அதில் அடங்கும்.

தனியாகப் போகிறீர்கள் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். மாநாட்டின் நடத்தை விதிகளைப் படித்து, புகார் தெரிவிக்க வேண்டிய தொடர்பு எண்ணைச் செல்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். யாராவது எல்லை மீறினால் அது புகார் செய்யும் அளவுக்குப் பெரியதா என்று நீங்கள் எடைபோட வேண்டியதில்லை; சொல்லிவிடுங்கள், எடைபோடுவது அவர்கள் வேலை. மாலை விருந்துகளுக்குப் போவது கட்டாயமில்லை. போனாலும், அங்கே மது இருந்தால் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. விரும்பும் நேரத்தில் கிளம்பலாம். படம் எடுக்கப்படுவதை விரும்பாதவர்களுக்கு வேறு நிறப் பேட்ஜ் நாடாவைச் சில மாநாடுகள் தருகின்றன. வேண்டுமென்றால் பதிவு மேசையில் கேளுங்கள். பேசிப் பேசிக் களைத்துவிட்டால் ஒரு மணி நேரம் எங்காவது அமைதியாக உட்காருங்கள். கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது ஆடம்பரமல்ல, தேவை.

ஐந்து நிமிட மின்னல் உரைகள் இருந்தால் அவற்றைத் தவறவிடாதீர்கள். 2013-இல் அமெரிக்காவின் பைக்கான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ், மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக்கி எங்கும் ஓட்ட உதவும் டாக்கர் என்ற கருவியை வெளியுலகுக்குக் காட்டியது அப்படிப்பட்ட ஐந்து நிமிடத்தில்தான். அந்த அமர்வில் முதல் முறை மேடை ஏறுபவர்களும் பேசுவார்கள். குரல் நடுங்கும், படவில்லை (ஸ்லைடு) திறக்க மறுக்கும், அரங்கமோ கைதட்டி உற்சாகப்படுத்தும். அதைப் பார்த்தாலே மேடை மீதான பாதி அச்சம் போய்விடும். இந்த ஆண்டே பேச வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இரட்டைப் பதிவுச் சிக்கலை நீங்கள் தீர்த்த பிறகு, அது நல்ல ஐந்து நிமிட உரையாக வரும்.

குழுவுக்குச் சொல்ல வேண்டியதைப் பற்றி அதிகம் அஞ்சுகிறீர்கள். கேட்ட உரைகளையெல்லாம் வரிசையாகச் சுருக்கிச் சொல்லத் திட்டமிட்டால் அது உங்களுக்கும் சுமை, கேட்பவர்களுக்கும் சுமை. ஒவ்வொரு உரைக்கும் குறிப்பேட்டில் மூன்று செய்திகளை மட்டும் எழுதுங்கள்: அவர்களுக்கு என்ன சிக்கல், என்ன செய்தார்கள், நமக்கு அது பொருந்துமா. பேச்சாளர் காட்டும் படவில்லைகளை எழுதி எடுக்காதீர்கள். பெரும்பாலும் அவற்றைப் பிறகு பகிர்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு இரவும் தூங்கும்முன் அன்று பேசியவர்களின் பெயர்களுக்கு எதிரே என்ன பேசினோம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் முகங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

குழுவின் முன்னால் பேசும்போது நீங்கள் எடுத்துச்சென்ற கேள்வியையே முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். "நம் இரவு வேலையின் சிக்கலை இத்தனை பேரிடம் கேட்டேன். இவர்கள் இந்த வழிகளைச் சொன்னார்கள். இதில் இந்த வழி நமக்குப் பொருந்தாது, காரணம் இது. இந்த வழியை இரண்டு வாரம் சோதித்துப் பார்க்க அனுமதி வேண்டும்." உங்கள் குழுவில் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் இதைக் கவனித்துக் கேட்பார், ஏனென்றால் அது அவருடைய அமைப்பைப் பற்றியது. மற்ற உரைகளில் மிகப் பிடித்த ஒன்றையோ இரண்டையோ இறுதியில் சேர்த்துக்கொள்ளலாம். மேலாளர் எதிர்பார்ப்பது முழு மாநாட்டின் பதிவை என்று தோன்றினால், புறப்படும்முன்பே அவரிடம் இந்தத் திட்டத்தைச் சொல்லி ஒப்புதல் பெற்றுவிடுங்கள். பல மேலாளர்கள் இதைக் கேட்டு நிம்மதி அடைவார்கள்.

திரும்பிய வாரத்துக்குள், பேசியவர்களில் மறுபடி பேச விரும்பும் சிலருக்கு மட்டும் எழுதுங்கள். லிங்க்ட்இனில் வெறும் அழைப்பை அனுப்பினால் உங்களை அவருக்கு நினைவிருக்காது. "இரண்டாம் நாள் மதியம் இரட்டைப் பதிவுகள் பற்றிப் பேசினோம். தற்காலிக அட்டவணை வழியை நீங்கள் சொன்னீர்கள். அடுத்த வாரம் அதைச் சோதிக்கப்போகிறோம், என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன்" என்று நான்கு வரி போதும். பிறகு சோதனை முடிந்ததும், பலித்தாலும் பலிக்காவிட்டாலும், சொன்னபடி எழுதிவிடுங்கள். அலுவலகத்துக்குத் திரும்பும் முதல் நாள் காலையில் இந்தக் கடிதங்களுக்கும் குறிப்புகளைச் சீர்செய்வதற்கும் ஒரு மணி நேரம் தேவைப்படும். அன்று காலை உங்கள் இரவு வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.